வரிச்சலுகைக்காக மறைத்த அடுப்பு

பெட்ரோல் பம்பின் மீட்டரை நம்பாததால்தான் ஆர்லிந்து மெதேரோஸ் மின்சாரக் கார் வாங்கினார். அமெரிக்காவின் ஃபால் ரிவர் நகரில் அவரை அறிந்த யாரும் இதைக் கேட்டு வியக்கவில்லை. ரொட்டிக்கடையில் தொத்திறைச்சியை நிறுக்கும்போது தராசின் அடியில் குனிந்து பார்ப்பவர் அவர். தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு சுற்றி வரும்போது தட்டை ஏந்தி வருபவனின் கட்டைவிரல்மீது கண் வைத்திருப்பவர். காரையும் ஒரு மெக்கானிக்கிடம் காட்டி, அந்த மெக்கானிக் எப்படிப்பட்டவன் என்று இன்னொருவரிடம் விசாரித்து, அதன் பிறகுதான் வாங்கினார். பழைய கார். முன்பு வைத்திருந்தவர் ஒரு பள்ளி ஆசிரியை. “டீச்சரம்மா ஏன் வித்தாங்க?” என்ற கேள்விக்கு இன்றுவரை அவருக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை.

சந்தேகம் அவருக்கு அப்பன் வழி வந்த சொத்து. நடு அட்லாண்டிக்கில், போர்த்துகலுக்குச் சொந்தமான சான் மிகெல் தீவில் பிறந்தார்; சிறுவயதிலேயே குடும்பத்தோடு கப்பலேறி இங்கே வந்தார். தீவில் பன்றி அடிக்கும் பருவத்தில் அதிகாரி யாராவது வந்தால், பன்றிக்கு மேல் வைக்கோலைப் போட்டு, வைக்கோலுக்கு மேல் பாட்டியைப் படுக்கவைத்த குடும்பம் அவர்களுடையது. அப்பா ஒன்று சொல்வார்: “சர்க்கார்காரன் சிரிக்காம வந்தா கோழிய எண்ணு. சிரிச்சுக்கிட்டு வந்தா பிள்ளைங்கள எண்ணு.” ஆர்லிந்து வேறெதையும் மனப்பாடம் செய்தாரோ இல்லையோ, இதை மறக்கவில்லை.

அந்த அறிவுரை ஒருமுறை பலித்தும்விட்டது. அதுதான் வினை. திரைச்சீலைத் துணி நெய்யும் ஆலையில் அவர் தறி பழுதுபார்ப்பவராக இருந்தார். ஆலையை மூடமாட்டோம் என்று முதலாளி ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கையைப் பிடித்துக் குலுக்கிச் சொன்னார். எல்லோரும் நம்பினார்கள். ஆர்லிந்து மட்டும், ‘இவன் ஏன் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறான்?’ என்று யோசித்து, பள்ளிக்கூடத்தில் கொதிகலன் பார்க்கும் வேலைக்கு நழுவிக்கொண்டார். அடுத்த வசந்தத்தில் ஆலை மூடியது. கூட வேலை பார்த்தவர்கள் நடுத்தெருவில் நிற்க, அவர் வீட்டில் உலை கொதித்தது. ஒரு குணம் ஒருமுறை சோறு போட்டுவிட்டால், பிறகு அதைக் கேள்வி கேட்பது கடினம். நம்பாதவன் ஏமாறமாட்டான் என்று அவர் முடிவு கட்டினார். அந்த ஒரு முடிவின்மேல் மட்டும் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை.

ஓய்வு பெற்ற பிறகும் மலைச்சரிவில் உள்ள அதே மூன்றடுக்கு மரவீட்டில்தான் இருந்தார். மேல் இரண்டு தளங்களில் வாடகைக் குடித்தனங்கள். கீழ்த்தளத்தில் அவரும் மனைவி தியோலிந்தாவும். ஆனால் கீழ்த்தளத்தில் அவர்கள் வாழ்ந்தார்கள் என்று சொல்வது முழு உண்மையாகாது. அதற்கும் கீழே நிலவறை இருந்தது. அந்தச் சரிவில் தீவுக்காரர்கள் வீடு எல்லாவற்றிலும் இருப்பதுபோல அந்த நிலவறையில் இன்னொரு சமையலறை இருந்தது. சூப் கொதித்ததும், மீன் பொரிந்ததும், மகள்கள் பிள்ளைகளோடு வந்து நீள மேசையில் அமர்ந்து சண்டை போட்டதும் அங்கேதான். மேலே இருந்த சமையலறை விருந்தாளிகள் பார்ப்பதற்கு. அதன் அடுப்பின்மேல் குரோஷா விரிப்பு; விரிப்பின்மேல் பீங்கான் சேவல். திருமணத்துக்குப் பின் ஒருமுறை அடுப்பை மாற்றினார்கள். புது அடுப்பின் செய்முறைக் கையேடு, அடுப்பின் ரொட்டி சுடும் அறைக்குள்ளேயே பிரிக்காமல் கிடந்தது.

கீழே இருந்த அடுப்பும் மின்சார அடுப்புதான். அதற்கு வயர் இழுத்தவர் பக்கத்துத் தெரு உறவுக்காரர் ஒருவர். கூலி, ஒரு குடுவை வீட்டு ஒயின். அனுமதி என்ற சொல்லை அன்று யாரும் உச்சரிக்கவில்லை.

கார் வந்த புதிதில், நிலவறை ஜன்னல் வழியாக ஒரு நீள வயரை வெளியே இழுத்துத் திராட்சைப் பந்தலுக்குக் கீழே நின்ற காரில் செருகினார். கார் ஆமைபோல மின்சாரம் குடித்தது. சுவரில் சரியான சார்ஜர் ஒன்றைப் பொருத்தவேண்டும் என்று மகள்கள் சொன்னார்கள். அந்த வசந்தத்தில் வருமான வரிக் கணக்கு கொடுக்கப் போனபோது, கானி ரபோசு அந்தப் பேச்சை எடுத்தாள். அந்தச் சரிவில் பாதிப்பேருக்கு வரிக்கணக்கு எழுதுபவள் கானி. யாரிடம் எந்தச் செய்தியை எந்தக் குரலில் சொல்லவேண்டும் என்று அறிந்தவள்.

“சார்ஜர் வைக்கப் போறீங்களாமே அண்ணே? வச்சா, செலவுல முப்பது பங்கு வரியிலேர்ந்து கழிப்பாங்க. நூத்துக்கு முப்பது. ஆயிரம் டாலருக்கு மேல போகாது.”

“எதுக்கு?”

“சார்ஜர் வச்சதுக்கு.”

“அது காதுல விழுந்துச்சு. எதுக்குக் குடுக்குறான்?”

“கையில குடுக்கமாட்டான். அடுத்த வருஷம் நீங்க கட்டவேண்டிய வரியில குறைப்பான். கட்டவேண்டியது ஒண்ணும் இல்லேன்னா, உங்களுக்கும் ஒண்ணும் இல்ல.”

இது கொஞ்சம் நம்பும்படியாக இருந்தது. கையில் கொடுக்கமாட்டான் என்றதும் ஆர்லிந்து நாற்காலியில் சற்று முன்னால் நகர்ந்தார்.

“ஆனா இந்த ஜூன் கடைசிக்குள்ள மாட்டி, ஓட ஆரம்பிச்சிருக்கணும். அதோட இந்தச் சலுகை முடிஞ்சுது.”

“அவசரப்படுத்துறான் பாத்தியா.”

“சட்டம் உங்கள அவசரப்படுத்தல அண்ணே. வெளிய பெஞ்சுல இத்தனை பேர் உக்காந்திருக்காங்க, நான்தான் அவசரப்படுத்துறேன்.” கணினியைத் திருப்பி ஒரு வரைபடத்தைக் காட்டினாள். “எல்லா எடத்துக்கும் கிடையாது. கிராமப்புறமா இருக்கணும், இல்ல வருமானம் கம்மியான வட்டாரமா இருக்கணும். உங்க வீடு வட்டாரத்துக்குள்ள வருது. இங்க பாருங்க, கோடு உங்க தெரு நடுவுல போகுது.”

ஆர்லிந்து கோட்டைப் பார்த்தார். தெருவின் இந்தப் பக்கம் நிழலிட்டிருந்தது. அந்தப் பக்கம், தியோலிந்தாவின் அண்ணன் ஜில்பெர்த்துவின் வீடு இருந்த பக்கம், வெள்ளையாக இருந்தது.

“நாங்க ஏழைன்னு யாரு சொன்னா?”

“உங்களச் சொல்லல. வட்டாரத்தச் சொல்றான்.”

“வட்டாரத்துக்குள்ளதானே நான் இருக்கேன்?”

கானி கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். “ஒண்ணு மட்டும் கேளுங்க. லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன் வச்சு, பெர்மிட் எடுத்து, பில்லோட செய்யுங்க. குடுவை ஒயின் குடுத்து வேலை வாங்குற கதையெல்லாம் இதுக்கு ஆகாது.”

அன்று மாலையே செய்தி தெருவைத் தாண்டியது. ஜில்பெர்த்து வந்து பந்தலுக்குக் கீழே இடுப்பில் கைவைத்து நின்றார்.

“சர்க்காரே சொல்லிடுச்சாம் மாப்ளே. என் தங்கச்சிய ஒரு பரம ஏழைக்குக் கட்டிக்குடுத்துட்டேன்னு.”

“உனக்குக் கிடைக்கலேன்னு வயித்தெரிச்சல்.”

“எனக்கா? நான் பணக்காரன்பா. கோட்டுக்கு வெள்ளைப் பக்கம். வேணும்னா சொல்லு, ராத்திரி மிஞ்சுற சூப்ப அனுப்பிவைக்கிறேன்.” போகிற போக்கில் திரும்பிச் சொன்னார்: “பெர்மிட்டுன்னா இன்ஸ்பெக்டர் வருவான், தெரியும்ல? மின்பெட்டி எங்க இருக்கு? கீழ, உங்க அடுப்புக்குப் பக்கத்துல. ஊருக்கு அந்தக் கோடியில எவனுக்கோ பேஸ்மென்ட் கிச்சன மொத்தமா பிடுங்கச் சொல்லிட்டாங்களாம். கேள்விப்பட்டேன்.”

ஆர்லிந்துவுக்கு எல்லாம் சட்டென்று விளங்கிவிட்டது. ‘சலுகை என்பது பொறிக்குள் வைத்த பாலாடைக்கட்டி. பில் வேண்டுமென்றால் லைசென்ஸ்காரன்; லைசென்ஸ்காரன் என்றால் பெர்மிட்; பெர்மிட் என்றால் இன்ஸ்பெக்டர்; இன்ஸ்பெக்டர் என்றால் நிலவறை. கதவைத் தட்டி உள்ளே வரமுடியாதவன், நம் கையாலேயே கதவைத் திறக்கவைக்கிறான்.’ இவ்வளவு தூரம் யோசித்து ஆயிரம் டாலரைத் தூண்டிலில் மாட்டியிருக்கிறான் என்றால், அப்பா சொன்ன சிரிப்பு இதுதான்.

“அப்ப வேணாம்னு விட்டுடேன்,” என்றாள் தியோலிந்தா. கீழே, அடுப்படியில் நின்று பரட்டைக் கீரையை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“எப்படி விடுறது? நான் கட்டின வரி அது. என் காசத்தான் எனக்குத் திருப்பித் தர்றான். விட்டா அதையும் அவனே வச்சுக்குவான்.”

“அப்ப எடு.”

“எடுத்தா உன் கிச்சன் போயிடும்.”

“அப்ப என்னதான் செய்யப்போற?”

அவர் அடுப்பைப் பார்த்தார். அவள் நறுக்குவதை நிறுத்தினாள். நெடுநாள் மனைவிகளுக்குச் சில விஷயங்களைச் சொல்லத் தேவையில்லை.

“இன்ஸ்பெக்டர் வந்து போறவரைக்கும்தான்,” என்றார்.

எலெக்ட்ரீஷியன் ஜேசன் கப்ரால் முதல்முறை பார்க்க வந்தபோது அடுப்பு இன்னும் அதன் இடத்தில்தான் இருந்தது. மின்பெட்டியைத் திறந்து பார்த்தவன், அடுப்பைப் பார்த்தான். “இது எவ்வளவு கரண்ட் இழுக்கும் சார்? சார்ஜருக்கு வர்ற வயரு கணக்குல இதையும் சேக்கணும்.”

“சேக்கவேணாம். சும்மா கிடக்குது. எடுத்துடப்போறேன்.”

அப்போது அடுப்பின்மேல் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. ஜேசன் பானையைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், தோளைக் குலுக்கிவிட்டு எழுதிக்கொண்டான். வாடிக்கையாளர் வீட்டு அடுப்பைப் பற்றி வாதாடுவது அவன் தொழில் அல்ல. அடுப்பு இல்லை என்ற கணக்கில், அந்தப் பெட்டி தாங்கும் முழு அளவுக்கு ஒரு சார்ஜரைத் திராட்சைப் பந்தலுக்குப் பக்கத்துச் சுவரில் பொருத்தினான். வேலை சுத்தமாக இருந்தது. ஆர்லிந்து ஸ்குரூக்களை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தார்.

பிறகு அவர் நிலவறையைக் காலி செய்தார். அடுப்பை அதன் வயரிலிருந்து பிரித்து, ஒயின் பீப்பாய்களுக்குப் பின்னால் தள்ளினார். குளிர்காலத்தில் அத்திமரத்துக்குச் சுற்றும் தார்ப்பாயை அதன்மேல் போர்த்திக் கயிறு கட்டினார். நீள மேசையை மடித்துச் சாய்த்தார். மிளகாய் விழுது ஜாடிகள், உப்பிட்டு உலர்த்திய மீன், பூண்டுச் சரங்கள் எல்லாம் மேலே போயின. அடுப்பு இருந்த இடத்தில் சுவர் மஞ்சள் பூத்திருந்தது. அதன்மேல் வெள்ளைப் பெயிண்ட் அடித்தார். அடித்த இடம் மட்டும் பளிச்சென்று தெரிந்ததால், சுவர் முழுவதும் அடித்தார். ஒரு சுவர் மட்டும் வெளுத்துத் தெரிந்ததால், எல்லாச் சுவருக்கும் அடித்தார்.

மேலே தியோலிந்தா பீங்கான் சேவலை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தாள். குரோஷா விரிப்பை மடித்தாள். அடுப்பை முதன்முதலாகச் சூடேற்றியபோது உள்ளே கிடந்த கையேடு கருகி, வீடெல்லாம் புகை நாற்றம். “வீட்டுக்குள்ள அடுப்பு இருக்குன்னு ஊருக்கே சொல்லியாச்சு,” என்று சிரித்தாள். ஆர்லிந்து சிரிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் வர நாளானது. ஒவ்வொரு நாளும் அவர் வெறும் நிலவறையில் இறங்கி, எதையாவது மறந்துவிட்டோமா என்று பார்ப்பார். அங்கே நிற்கும்போது தலைக்கு மேலே அவள் நடமாடும் ஓசை கேட்டது. பலகைகள் முனகின, வானொலியில் போர்த்துகீசிய நிகழ்ச்சி ஓடியது. பிறகு நெடுநேரம் ஒன்றும் கேட்காது. சமையல் செய்பவள் இவ்வளவு நேரம் ஏன் அசையாமல் இருக்கிறாள்? தொலைபேசியா? யாரிடம்? ஒருநாள் காலடி ஓசை கேட்காமல் படியேறிப் போய்ப் பார்த்தார். அவள் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் ஒன்றும் இல்லை. சரிவுக்குக் கீழே ஆறும், ஆற்றின்மேல் பெரிய பச்சைப் பாலமும் தெரிந்தன.

“என்ன பாக்குற?”

“பாலத்த.”

“பாலத்துல என்ன?”

“பாலம்தான்.”

அவர் எட்டிப் பார்த்தார். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு, பழக்கத்தில் கீழே இறங்கப் போய், பாதிப் படியில் நினைவு வந்து திரும்பினார்.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று ஆர்லிந்து காலையிலிருந்தே திரைச்சீலைக்குப் பின்னால் நின்றிருந்தார். நகராட்சி வண்டி வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் இறங்குவதற்கு முன்பே எதிர்வீட்டு ஜில்பெர்த்து சாலையைக் கடந்து போய், வண்டியின் ஜன்னலில் முழங்கையை ஊன்றி ஏதோ பேசினார். பேசும்போது ஒருமுறை இந்த வீட்டுப் பக்கம் கைகாட்டினார். ஆர்லிந்துவுக்கு இதுவும் விளங்கிவிட்டது. மச்சான்! பெண் கொடுத்த வீடு! கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்ததற்குப் பழிவாங்குகிறான்.

வந்தவர் பெயர் லெவெக். பிரெஞ்சுக் கனடாக்காரர் வம்சம், முழங்கால் வலிக்காரர். ‘நம் ஆள் இல்லை, நம் வீட்டு வழக்கம் தெரியாது’ என்று ஆர்லிந்துவுக்கு ஒரு சிறிய ஆறுதல். லெவெக் வெளியே சார்ஜரைப் பார்த்தார், வயரைப் பார்த்தார், தலையசைத்தார். பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக நிலவறைக்குள் இறங்கினார். கடைசிப் படியில் நின்றார். மூக்கை உறிஞ்சினார்.

“அடுப்பு எங்க?”

“எந்த அடுப்பு?”

“உங்க அடுப்புதான்.”

“மேல இருக்கு. கிச்சன்ல.”

“மேல இருக்கிறது சேவல் உக்கார்ற அடுப்பு. நான் கேக்குறது சமைக்கிற அடுப்ப.”

லெவெக் நடுவில் வந்து நின்று, நாலு சுவரையும் மெதுவாகச் சுற்றிப் பார்த்தார். அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. ஒரு வெள்ளைச் சுவரில் விரலை வைத்துத் தேய்த்து, விரலைப் பார்த்தார்.

“புதுப் பெயிண்ட். தண்ணிக் குழாய் இருக்கு. தொட்டி இருக்கு. பின்பக்கம் தனியா ஒரு கதவு. மத்ததெல்லாம் காலி.” குரல் இறுகியது. “யாருக்கு வாடகைக்கு விடப்போறீங்க?”

“யாருக்கும் இல்ல சார்.”

“எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. ஜன்னல் கைக்குட்டை அளவு இருக்கு. தீப்பிடிச்சா இங்க படுத்திருக்கிறவன் எப்படி வெளிய வருவான்?”

“இங்க யாரும் படுக்கப்போறதில்ல. சத்தியமா.”

“நான் வயரு பாக்குறவன். ஆனா இதப் பாத்துட்டு எழுதாம போகமுடியாது. வீட்டுவசதி ஆளுங்க வந்து பாக்கட்டும்.”

சத்தியத்தைச் சொன்னார், சத்தியம் எடுபடவில்லை. ஆர்லிந்து அந்த மனிதரின் கண்களைப் பார்த்தார். சற்றே இடுங்கிய, தப்பு வெளிப்படும்வரை பொறுமையோடு காத்திருக்கிற பார்வை. தராசின் அடியில் குனியும்போதும், காணிக்கைத் தட்டின்மேல் கண் வைக்கும்போதும் தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அவர் யோசித்ததே இல்லை. இப்போது யோசிக்கத் தேவையில்லாமல் போயிற்று, எதிரே நின்றது. ரொட்டிக்கடைக்காரன் ஒருமுறைகூட எடை குறைத்ததில்லை என்பது, ஏனோ அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது.

படியின் மேற்புறத்தில் தியோலிந்தா கையைத் துடைத்தபடி நின்றிருந்தாள். அடுப்பைக் காட்டினால் அவள் சமையலறை போகும். காட்டாவிட்டால் இன்னும் நாலு அதிகாரிகள் வந்து வீட்டையே புரட்டுவார்கள். பன்றியைக் காப்பாற்ற வைக்கோலைப் போட்டாயிற்று. இப்போது வைக்கோல் தீப்பிடிக்கிறது. அதிகாரி ஒருவரிடம் தானாக முன்வந்து ஓர் உண்மையைச் சொன்ன அனுபவம் ஆர்லிந்துவின் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. அவர் பீப்பாய்களுக்குப் பின்னால் போனார். கயிற்று முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்துத் தார்ப்பாயை இழுத்தார்.

லெவெக் அடுப்பைப் பார்த்தார். தார்ப்பாயைப் பார்த்தார்.

“எங்க வீட்டுக்காரி சைடுல இதுல அத்திமரத்தக் கட்டுவாங்க,” என்றார். “அடுப்புக்குக் குளிருமா?”

தியோலிந்தா மேலிருந்து சிரித்துவிட்டாள்.

“இதுக்குத்தான் பெயிண்டா?” லெவெக் கேட்டார். அவர் முகம் தளர்ந்தது; ஆனால் முழுதாக இல்லை. “இது எவ்வளவு இழுக்கும்னு எலெக்ட்ரீஷியன்கிட்ட சொன்னீங்களா?”

“எடுத்துடப்போறேன்னு சொன்னேன்.”

“நான் போனதும் திரும்ப மாட்டியிருப்பீங்க.”

ஆர்லிந்து மறுக்கவில்லை.

“கேளுங்க. கார் முழு வேகத்துல சார்ஜ் ஏறிக்கிட்டிருக்கும். ஞாயித்துக்கிழமை, அடுப்புல எல்லா வளையமும் எரியும். மேல ரெண்டு வீட்டுலயும் ஆளு இருக்காங்க. இந்தப் பெட்டி அவ்வளவையும் தாங்காது. சுவருக்குள்ள வயரு சூடாகும். அது உங்களுக்குத் தெரியவே தெரியாது.” அவர் சத்தம் போடவில்லை. அதனால்தான் அது உறைத்தது. “இன்னைக்கு இத நான் பாஸ் பண்ணமாட்டேன். கப்ரால் திரும்ப வரணும். சார்ஜரோட அளவக் குறைக்கணும். கார் மெதுவா ஏறும், ஏறட்டும். அடுப்பு வயரையும் பிடுங்கிட்டு, ஒழுங்கா போட்டு, அதையும் பெர்மிட்ல எழுதணும்.”

“அப்ப அடுப்ப எடுக்கவேணாமா?”

“யாரு எடுக்கச் சொன்னா? உங்க வீடு, உங்க அடுப்பு. பெர்மிட் இல்லாம வயர் இழுத்ததுதான் தப்பு.”

ஆர்லிந்து தார்ப்பாயைச் சுருட்டினார். பிறகு அடக்கமுடியாமல் கேட்டார்: “என் மச்சான்தானே சொன்னான்?”

“யாரு?”

“எதுத்த வீட்டுக்காரன். வண்டிகிட்ட நின்னு பேசினானே.”

“ஓ, அவரா? கோட்ட ஒரு வீடு தள்ளிப் போட்டிருக்கக் கூடாதான்னு என்கிட்ட வந்து அழறாரு. தனக்கும் கழிவு கிடைக்க ஏதாவது வழி இருக்கான்னு கேட்டாரு. வரி எல்லாம் எனக்குத் தெரியாதுன்னேன்.”

“அப்ப அடுப்பு இருக்குன்னு எப்படி...”

“இத்தனை வருஷமா உங்க ஆளுங்க வீட்டுல கீழ இறங்குறேன் மெதேரோஸ். அடுப்பு இல்லாத பேஸ்மென்ட்ட இன்னைக்குத்தான் பாக்குறேன். அதான் பயந்துட்டேன்.” படியேறும்போது ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார். “பெயிண்ட் அடிச்சா பூண்டு வாசம் போகாது.”

ஜேசன் திரும்பி வந்தான். எதுவும் கேட்கவில்லை, ஆனால் இரண்டாம் முறை வந்ததற்கும் பில் போட்டான். ஆர்லிந்து அதில் ஒவ்வொரு வரியையும் படித்தார். லெவெக் மறுபடி வந்து, பார்த்து, கையெழுத்துப் போட்டார். தியோலிந்தா ஒரு கிண்ணம் சூப் கொடுத்தாள். வேலை நேரத்தில் எதையும் வாங்கக்கூடாது என்று மறுத்துவிட்டார். ‘அவ்வளவு நேர்மையா?’ என்று ஆர்லிந்து நினைத்தார். நினைத்துவிட்டுக் கொஞ்சம் வெட்கப்பட்டார் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அதற்குச் சான்று இல்லை. ஜூன் முடிய இன்னும் நாள் இருந்தது. பில்லையும் அனுமதிச்சீட்டையும் கானியிடம் கொடுத்தார். “அடுத்த வருஷக் கணக்குல கழிஞ்சுடும் அண்ணே,” என்றாள். “கழியட்டும், அப்ப நம்புறேன்,” என்றார்.

அடுப்பு பழைய இடத்துக்கு வந்தது. மேசையை விரித்தார். ஜாடிகளைத் தானே ஒவ்வொன்றாகக் கீழே கொண்டுவந்து அடுக்கினார். புது வெள்ளைச் சுவருக்கு எதிரே எல்லாம் வேறு யாரோ ஒருவருடைய சமையலறைபோல இருந்தது. துணியால் அடுப்பைத் துடைத்துவிட்டு மேலே பார்த்துக் கூப்பிட்டார்.

“வா. உன் கிச்சன் வந்தாச்சு. இனிமே சர்க்காரே வந்தாலும் அசைக்கமுடியாது, பெர்மிட் இருக்கு.”

அவள் இறங்கி வந்தாள். அடுப்பைத் தடவிப் பார்த்தாள். ஒரு குமிழைத் திருப்பி, வளையம் சிவப்பதைப் பார்த்து, அணைத்தாள்.

“நல்லா இருக்கு. மீன் பொரிக்க இதுதான் சரி. ஞாயித்துக்கிழமை பிள்ளைங்க வந்தா இங்கதான்.”

“மத்த நாள்?”

“மேல.”

“ஏன்?”

“மேல ஜன்னல் இருக்கு.”

“யாரு சொன்னா உனக்கு? உங்க அண்ணனா?”

“ஜன்னல் இருக்குன்னு யாராவது வந்து சொல்லணுமா மனுஷா?”

அவர் துணியை மடித்தார். “கீழ பிடிக்கலேன்னு இத்தனை வருஷத்துல ஒரு நாள்கூடச் சொன்னதில்லையே.”

“கீழ பிடிக்கலேன்னு இப்பவும் சொல்லலியே. மேல பிடிச்சிருக்கு. அவ்வளவுதான்.” மிளகாய் விழுது ஜாடியில் ஒன்றையும் பூண்டுச் சரத்தில் ஒன்றையும் எடுத்துக்கொண்டு படியேறிப் போனாள்.

ஆர்லிந்து கொஞ்ச நேரம் நிலவறையில் நின்றார். தராசு, மீட்டர், முதலாளி, மச்சான், சர்க்கார் என்று எல்லாவற்றுக்கும் பின்னால் என்ன இருக்கிறது என்று தோண்டிப் பார்த்தவர். தன் சமையலறையை மட்டும் அப்படியே நம்பியிருந்தார். மேலே பலகை முனகியது. நாற்காலி ஒன்று ஜன்னல் பக்கம் இழுபடும் ஓசை. சற்றுக் கழித்து இன்னொரு நாற்காலி.

அவர் படியேறிப் போனார். ஜன்னலோரம் இரண்டு கிண்ணங்களில் சூப் இருந்தது. சேவல் விளிம்பில் உட்கார்ந்திருந்தது. கீழே பந்தலடியில் சார்ஜரின் சிறு விளக்கு மின்னி மின்னி அடங்கியது. அது ஏன் அப்படி மின்னுகிறது என்று நாளைக்கு ஜேசனிடம் கேட்கவேண்டும். உட்கார்ந்தார். கரண்டியை எடுக்காமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, சரிவுக்குக் கீழே பார்த்தார்.

பாலம்தான் இருந்தது. சூப் ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.